தீர்ப்பில் இல்லாத சேலம்

சனிக்கிழமை விடியற்காலையில் சேலம் புதிய பஸ் நிலையத்தில் வந்து இறங்கினேன். பையில் அரசியலமைப்புச் சட்டப் பாடநூலும் மூன்று நோட்டுப் புத்தகங்களும் இருந்தன. செவ்வாய்க்கிழமை உள்தேர்வு. பேச்சுரிமை முதலான சுதந்திரங்களைத் தரும் உறுப்பு 19-இலிருந்து ஒரு பெரிய கேள்வி கட்டாயம் வரும் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். விடுதியின் இரைச்சலில் படிக்க முடியாது, வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று வந்திருந்தேன். அஸ்தம்பட்டி பக்கம் டவுன் பஸ் திரும்பும்போது மத்திய சிறையின் மதில் தெரிந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்துவரும் மதில் அது.

என் நோட்டில் ரொமேஷ் தாப்பர் வழக்குக்கு நான்கு வரிகள்தான் எழுதியிருந்தேன். ரொமேஷ் தாப்பர் எதிர் மதராஸ் மாநிலம், 1950. பத்திரிகைக்குத் தடை. பேச்சுரிமையை எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் அன்றைய உறுப்பு 19(2)-இல் 'பொது ஒழுங்கு' என்ற காரணம் இல்லை, எனவே தடை செல்லாது. விளைவு: முதலாவது அரசியலமைப்புத் திருத்தம், 1951. பத்து மதிப்பெண் கேள்விக்கு இந்த நான்கு வரிகளை விரித்து எழுதினால் போதும். அப்படித்தான் படித்திருந்தேன்.

காலையில் திண்ணையில் உட்கார்ந்து அதைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருக்கோடி வீட்டுத் தாத்தா பால் வாங்கிக்கொண்டு வந்தார். தறித் தொழிலில் இருந்து ஓய்ந்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று வெள்ளைச் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு எங்கோ போய்வருவார். கட்சிக் கூட்டம் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

"என்ன கண்ணு, பரீட்சையா?"

"ஆமாம் தாத்தா. பேச்சுரிமை வழக்கு. பம்பாயில் இருந்து வந்த ஒரு பத்திரிகையை நம் சென்னை அரசாங்கம் தடை செய்தது. சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடை செல்லாது என்று சொல்லிவிட்டது."

"எப்போது தடை செய்தார்கள்?"

"1950, மார்ச் 1."

பால் பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் சிறை இருக்கும் திசையைக் காட்டினார். "அதற்கு முந்தின மாதம் அதோ அந்த மதிலுக்கு உள்ளே என்ன நடந்தது என்று உன் புத்தகத்தில் போட்டிருக்கிறதா?"

போடவில்லை. பாடநூலில் அந்த வழக்குக்கு மூன்று பக்கம் இருக்கிறது. சேலம் என்ற சொல் அந்த மூன்று பக்கத்தில் எங்கும் இல்லை. பிற்பகலில் தீர்ப்பையே முழுதாகத் தேடி எடுத்துப் படித்தேன். அதிலும் இல்லை.

1950 ஜனவரி 26, வியாழக்கிழமை, இந்தியா குடியரசு ஆனது. பேச்சுக்கும் எழுத்துக்கும் சுதந்திரம் உண்டு என்று நாட்டின் உச்ச சட்டமே சொன்னது. அதற்குப் பதினாறாம் நாள், பிப்ரவரி 11, ஒரு சனிக்கிழமை. சேலம் மத்திய சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். ஏராளமானோர் காயமடைந்தார்கள். சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி அப்போது தடை செய்யப்பட்டிருந்தது. பி.எஸ். குமாரசாமி ராஜா தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. மலபார், ஆந்திரப் பகுதிகள் எல்லாம் ஒரே மாநிலமாக இருந்த காலம் அது. அதனால் மலபாரில் நிலத்துக்கும் நெல்லுக்கும் போராடிப் பிடிபட்ட விவசாயிகள் கண்ணூரிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மலபார்க்காரர்கள். காவும்பாயி கிராமத்துத் தளியன் ராமன் நம்பியார் அவர்களில் ஒருவர். அவருடைய மகனும் அதே சிறையில்தான் இருந்தார். மகன் பிழைத்தார், தந்தை இறந்தார்.

சாதாரணக் குற்றவாளிகளைப் போலத் தங்களை நடத்தக் கூடாது, அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் காங்கிரஸ்காரர்களே சிறைக்குள் கேட்ட கோரிக்கை அது. நாடு விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பதைப் படிக்கும்போது மனம் கனத்தது.

பம்பாயில் 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் எல்லாம் ரொமேஷ் தாப்பர். வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பரின் அண்ணன். நேரு அரசின் கொள்கைகளை இடதுசாரி நிலையில் நின்று விமர்சித்த அந்த இதழ், சேலம் சிறைக் கொலைகளையும் கடுமையாகக் கண்டித்தது. மார்ச் 1 அன்று சென்னை அரசு அரசாணை எண் 1333-ஐப் பிறப்பித்தது. பொதுப் பாதுகாப்பைக் காக்கவும் பொது ஒழுங்கைப் பேணவும் தேவை என்று ஆளுநர் கருதுவதால், இந்த இதழ் மாநிலத்துக்குள் வருவதும், விற்கப்படுவதும், வினியோகிக்கப்படுவதும் தடை செய்யப்படுகிறது என்று ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியானது. இதழில் எந்தக் கட்டுரை, எந்த வரி ஒழுங்கைக் கெடுத்தது என்று அந்த ஆணையில் ஒரு சொல்லும் இல்லை. 1949-ஆம் ஆண்டின் மதராஸ் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 9(1-ஏ), அவ்வளவுதான்.

பிப்ரவரி 11-க்கும் மார்ச் 1-க்கும் இடையே பதினெட்டு நாள். தாத்தா என்னிடம் கேட்டது இந்தப் பதினெட்டு நாளைத்தான்.

இந்த இடைவெளியைப் பாடநூல் விட்டுவிடுவதால் என்ன குறைந்துவிடுகிறது? ஒரு மாணவனுக்குத் தீர்ப்பின் சாரம் தெரிந்தால் போதாதா? வெள்ளிக்கிழமைவரை நானும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 22 பேரின் மரணத்தை எடுத்துவிட்டால் அந்த வழக்கு வெறும் சொற்சண்டையாகிவிடுகிறது. 'பொது ஒழுங்கு' என்பதும் 'அரசின் பாதுகாப்பு' என்பதும் ஒன்றா, வேறா என்ற இலக்கணக் கேள்வியாகத் தெரிகிறது. மரணத்தை அதன் இடத்தில் வைத்துப் படித்தால், காவலில் இருந்தவர்களைச் சுட்டுக் கொன்ற ஓர் அரசு, அதைப் பற்றி வேறு ஊரில் எழுதியதைக்கூடத் தன் மக்கள் படிக்கக் கூடாது என்று ஆணையிட்டது என்பது தெரிகிறது. தடை வந்தது ஒரு கருத்தின்மீது மட்டும் என்று என்னால் இப்போது சொல்ல முடியவில்லை. இறந்தவர்களைப் பற்றிய செய்தியின்மீதும், அதன் வழியாக வரும் நினைவின்மீதும் சேர்த்தே வந்தது. நினைவுகூர்வதும் பேச்சுரிமையும் இரண்டு தனித்தனிப் பொருள் என்று பிரித்துவைக்க இந்த வழக்கு இடம் கொடுக்கவில்லை.

ரொமேஷ் தாப்பர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. உறுப்பு 32-இன் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருக்காக சி.ஆர். பட்டாபிராமன் வாதாடினார். அரசுத் தரப்பில் சென்னை அட்வகேட் ஜெனரல் கே. ராஜா அய்யர். முதலில் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்க வேண்டும், இங்கே நேராக வந்தது முறையல்ல என்பது ராஜா அய்யரின் முதல் ஆட்சேபம். நீதிமன்றம் ஏற்கவில்லை. உறுப்பு 32 என்பதே ஓர் அடிப்படை உரிமை, அடிப்படை உரிமைகளுக்குக் காவலாக நிறுத்தப்பட்ட நீதிமன்றம் வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று சொன்னது. பிறந்து நான்கு மாதமே ஆன நீதிமன்றம் அது. அந்த வயதில் இந்தத் துணிச்சல் இருந்தது என்பதை ரிட் மனு பாடம் படிக்கும்போது நான் கவனித்திருக்க வேண்டும்.

தீர்ப்பு மே 26 அன்று வந்தது. ஆறு நீதிபதிகள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் எம். பதஞ்சலி சாஸ்திரி. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து டெல்லிக்குப் போனவர், அடுத்த ஆண்டே நாட்டின் இரண்டாவது தலைமை நீதிபதி ஆனவர். ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார்.

சாஸ்திரியின் தர்க்கம் தெளிவானது, அதை ஒரு வரியாகச் சுருக்கினால் அதன் அழகு போய்விடும். பேச்சுரிமை என்றால் எழுதுவது மட்டுமல்ல, எழுதியதைப் பிறரிடம் கொண்டுசேர்ப்பதும்தான் என்பது முதல் படி. அச்சடித்துக் கட்டிவைத்த தாளால் யாருக்கும் பயனில்லை. ஆகவே இதழ் மாநிலத்துக்குள் வரக் கூடாது என்றால் அது பேச்சுரிமையைத் தரும் 19(1)(ஏ)-ஐத் தொடுகிறது. அந்த உரிமையை எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அன்றைய 19(2) ஒரு பட்டியல் கொடுத்திருந்தது: அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு, இவற்றோடு அரசின் பாதுகாப்பைக் குலைப்பது அல்லது அரசைக் கவிழ்க்க முனைவது. 'பொது ஒழுங்கு' அதில் இல்லை. 'பொதுப் பாதுகாப்பு'ம் இல்லை.

பொதுப் பாதுகாப்பு என்பதும் அரசின் பாதுகாப்பு என்பதும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று அரசுத் தரப்பு கேட்டது. இங்கேதான் சாஸ்திரி ஓர் எளிய உதாரணத்தை எடுக்கிறார். சாலையில் ஒருவன் தாறுமாறாக வண்டி ஓட்டினால் இந்திய தண்டனைச் சட்டத்தின்படி அது பொதுப் பாதுகாப்புக்கு எதிரான குற்றம். அதனால் அரசு கவிழ்ந்துவிடுமா? ஊர்ச் சண்டை, தெருத் தகராறு எல்லாமே பொது ஒழுங்கைக் கெடுக்கலாம். அவை எல்லாம் அரசின் அஸ்திவாரத்தை ஆட்டுபவை ஆகிவிடா. அரசியலமைப்பை வரைந்தவர்கள் பேச்சைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'ராஜத்துரோகம்' என்ற சொல்லை முதலில் வைத்திருந்து பிறகு வேண்டுமென்றே நீக்கினார்கள் என்பதையும் சுட்டிக்காட்டுகிறார். அரசின்மீது வெறுப்பு வரும்படி விமர்சிப்பதே குற்றம் என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆகவே அரசையே ஆட்டங்காண வைக்கும் பேச்சுக்கு மட்டும்தான் வேலி. சிறிய கலவரப் பயத்துக்காகப் பேச்சைத் தடுக்கும் சட்டம், பெரிய ஆபத்துக்கும் பயன்படும் என்பதால் மட்டும் பிழைத்துவிட முடியாது. தவறாகப் பயன்பட இடம் இருக்கும்வரை அந்தப் பிரிவு முழுதும் செல்லாது.

அமெரிக்க அரசியல் அறிஞர் மேடிசன் சொன்ன மரத்தின் உவமையும் தீர்ப்பில் வருகிறது. வேண்டாத கிளைகள் சில தழைத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, அவற்றை வெட்டப்போய்க் காய்க்கிற கிளைகளின் உயிர்ப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்பது அதன் பொருள். தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் இது புரியும். கருத்துரிமைக்குச் சொல்லப்பட்ட உவமைகளில் இதைவிட நல்லதை நான் இன்னும் படிக்கவில்லை.

அதே நாளில், அதே அமர்வு இன்னொரு பத்திரிகைக்கும் நியாயம் வழங்கியது. ஆர்.எஸ்.எஸ். சார்பான 'ஆர்கனைசர்' வார இதழை, அச்சுக்குப் போகும் முன் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்று டெல்லி நிர்வாகம் உத்தரவிட்டிருந்தது. பிரிஜ் பூஷண் வழக்கு. அந்த உத்தரவும் ரத்தானது. ஒன்று கம்யூனிஸ்ட் சார்பு இதழ், மற்றது அதற்கு நேர் எதிரான முகாமின் இதழ். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தால் கொதித்துப் போவார்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே அளவுகோல். தனக்குப் பிடித்தவர் பேசும்போது மட்டும் கருத்துரிமையை நினைத்துக்கொள்கிறவர்களிடம் இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. சட்ட அறிக்கையில் அவை ஐந்தே பக்க இடைவெளியில்தான் இருக்கின்றன: 1950 எஸ்.சி. 124, 1950 எஸ்.சி. 129.

மத்திய அரசு இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஓராண்டுக்குள், 1951 மே மாதத்தில், முதலாவது அரசியலமைப்புத் திருத்த மசோதாவை நேரு கொண்டுவந்தார். பொதுத்தேர்தல் இன்னும் நடக்கவில்லை. இருந்தது தற்காலிக நாடாளுமன்றம். சியாமா பிரசாத் முகர்ஜி கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் மசோதா நிறைவேறி ஜூன் 18 முதல் சட்டமானது. 'பொது ஒழுங்கு', 'அயல்நாடுகளோடு நட்புறவு', 'குற்றம் செய்யத் தூண்டுதல்' ஆகிய மூன்றும் 19(2)-இன் பட்டியலில் ஏறின.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தத் திருத்தம் வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், பெரியாரும் திராவிட இயக்கமும் கொதித்தெழுந்ததும், அதன் பயனாக இட ஒதுக்கீட்டுக்கு வழி செய்யும் உறுப்பு 15(4) சேர்ந்ததும் இதே திருத்தத்தில்தான். இட ஒதுக்கீட்டால் படித்து முன்னேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் சட்டக் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். ஆகவே அந்தத் திருத்தத்தை மொத்தமாகத் திட்ட என்னால் முடியாது, திட்ட மனமும் இல்லை. அதன் ஒரு கை எனக்குக் கதவைத் திறந்தது. இன்னொரு கை ரொமேஷ் தாப்பர் வழக்கில் திறந்த கதவைப் பாதி சாத்தியது. தேர்வில் இந்த இரண்டையும் தனித்தனிப் பாடத்தில், தனித்தனிக் கேள்வியாகக் கேட்கிறார்கள். ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு சனிக்கிழமை தேவைப்பட்டது.

திருத்தத்தின் மூலவாசகத்தைப் படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். பழைய 19(2)-ஐ எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதோடு அது நிற்கவில்லை. புதிய வாசகம் தொடக்கத்திலிருந்தே இந்த வடிவத்தில்தான் இயற்றப்பட்டிருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. அதாவது 1950 ஜனவரி 26 முதலே 'பொது ஒழுங்கு' அங்கே இருந்ததாக நாம் எண்ணிக்கொள்ள வேண்டும். சட்டத்தில் இப்படிப்பட்ட கற்பிதம் புதிதல்ல, வரிச் சட்டங்களில் நிறையவே உண்டு. ஆனாலும் நாட்டின் அடிப்படைச் சட்டமே தன் முதல் பதினாறு மாதங்களை வேறு விதமாக நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது என்பது என்னை உலுக்கியது. அந்தப் பதினாறு மாதங்களுக்குள்தான் சேலமும் இருக்கிறது.

அதே திருத்தம் நல்லது ஒன்றையும் செய்தது. 'நியாயமான' என்ற சொல்லை 19(2)-இல் சேர்த்தது. கட்டுப்பாடுகள் இனி நியாயமானவையாக இருக்க வேண்டும். எது நியாயம் என்பதை நீதிமன்றம் பார்க்கும். பின்னால் வந்த நல்ல தீர்ப்புகள் பல இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தன.

அந்தச் சொல்லுக்கு உரைகல் செய்துகொடுத்ததும் சென்னையில் பிறந்த ஒரு வழக்குதான். 'கிராஸ் ரோட்ஸ்' தடைக்கு ஒன்பது நாள் கழித்து, 1950 மார்ச் 10 அன்று, மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அரசு அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ், சென்னை வழக்கறிஞர். சங்கத்தின் நோக்கங்கள் தீர்ப்பில் கொடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா அறிவியல் துறைகளிலும், சிறப்பாகச் சமூக அறிவியலில், பயனுள்ள அறிவைப் பரப்புவது. மக்களிடையே அரசியல் கல்வியை வளர்ப்பது. சமூகப் பிரச்சினைகளைப் பற்றிய படிப்பையும் புரிதலையும் ஊக்குவிப்பது. கலை, இலக்கியம், நாடகம். கம்யூனிஸ்ட் கட்சிக்கு உதவுகிறது என்பது அரசின் குற்றச்சாட்டு. ராவ் எதிர்த்து வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் நின்றது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எழுதியவர் மீண்டும் பதஞ்சலி சாஸ்திரி, இப்போது தலைமை நீதிபதியாக.

எந்த உரிமை பறிக்கப்படுகிறது, எதற்காக, தீமை எவ்வளவு பெரியது, அதற்குக் கட்டுப்பாடு பொருத்தமான அளவில் இருக்கிறதா, அன்றைய சூழ்நிலை என்ன என்று அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும் என்றார். பாதிக்கப்பட்டவரின் பக்கத்தைக் கேட்காமல், அரசு தன் மனத்துக்குள் திருப்திப்பட்டுக்கொண்டு ஒரு சங்கத்தைச் சட்டவிரோதமாக்குவது நியாயமாகாது என்றார். நீதிமன்றம் உரிமைகளுக்கு விழிப்பான காவலாக நிற்கிறது என்ற புகழ்பெற்ற வரியும் இதில்தான் வருகிறது. அந்த வரியை எங்கள் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது படிப்பதற்காகக் கூடிய ஒரு சங்கத்தைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை.

கோபாலன், தாப்பர், செண்பகம், ராவ். அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் நூறு பக்கத்தில் வரும் பெயர்கள். நான்கிலும் எதிர்த்தரப்பு மதராஸ் மாநிலம். ஏ.கே. கோபாலன் மலபாரின் கம்யூனிஸ்ட் தலைவர், 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்தவர். தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1950 மே 19 அன்று, தாப்பர் தீர்ப்புக்குச் சரியாக ஒரு வாரம் முன், பெரும்பாலும் தோற்றார். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் ரத்தானது. ஒரே நீதிமன்றம், ஏழு நாள் இடைவெளி: தாளின் சுதந்திரத்தைக் காப்பாற்றியது, ஆளின் சுதந்திரத்தைக் காப்பாற்றவில்லை. சேலம் சிறையில் இருந்தவர்களுக்கு முன்னதைவிடப் பின்னதுதான் அவசரமாகத் தேவைப்பட்டது.

'பொது ஒழுங்கு' 1951-இல் உள்ளே வந்த பிறகு அதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதே கேள்வியானது. 1960-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி சுப்பா ராவ், பேச்சுக்கும் ஒழுங்கீனத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும், எங்கோ தொலைவில் நடக்கக்கூடும் என்ற ஊகம் போதாது என்றார். 1965-இல் லோகியாவின் இன்னொரு வழக்கில் நீதிபதி ஹிதாயத்துல்லா மூன்று வட்டங்களை வரைந்து காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே அரசின் பாதுகாப்பு. இந்த வட்டப் படத்தைத் தேர்வுத்தாளில் வரைந்தால் ஆசிரியர்கள் மகிழ்வார்கள். நடைமுறையில் காவல் துறையின் ஆணைகளில் மூன்று வட்டமும் ஒன்றாகிவிடுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நினைவேந்தல் விஷயத்தில் அது மிகத் தெளிவாகத் தெரியும். 2017 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காகச் சென்னை மெரினாவில் மெழுகுவத்தி ஏந்தக் கூடியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் நால்வர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. 1982-ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாடு சட்டம், 'பொது ஒழுங்குப் பராமரிப்புக்குக் குந்தகமாக' நடப்பவர்களை விசாரணையின்றி ஓராண்டுவரை அடைத்துவைக்க வழி செய்கிறது. 1949-ஆம் ஆண்டின் மதராஸ் சட்டத்தில் இருந்த அதே இரண்டு சொற்கள். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் காவல் ஆணைகளை ரத்து செய்தது. ஆனால் நான்கு மாதம் சிறையில் போய்விட்டது. தடுப்புக் காவல் வழக்குகளில் வெற்றி பெரும்பாலும் இப்படித்தான் தாமதமாக வருகிறது.

கூட்டம் கூடுவதை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும், மோதல் வரும் என்று உண்மையான தகவல் இருந்தால் தடுக்க வேண்டும். 1972-இல் ஹிம்மத் லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த எல்லையைத்தான்: பொது இடத்தில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்கும் வரம்பற்ற அதிகாரத்தை அதிகாரிகளிடம் கொடுத்துவிட முடியாது. இறந்தவர் படத்துக்கு மாலை போட வருகிறவர்களிடம் ஒழுங்குபடுத்துவது என்றால், எத்தனை மணிக்கு, எந்த வழியாக, எத்தனை பேர் என்று கேட்பது. ஏன் நினைக்கிறாய் என்று கேட்பது அதில் வராது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கான அஞ்சலி என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் அனுமதி தர வேண்டிய துறையும் துப்பாக்கி பிடித்த துறையும் ஒன்றாக இருக்கின்றன. அப்படிப்பட்ட அனுமதி மறுப்பை நீதிமன்றம் வழக்கத்தைவிடக் கவனமாக உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வி.ஜி. ராவ் வழக்கின் கேள்விகளிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

ரொமேஷ் தாப்பரின் கதை 1950-இல் முடியவில்லை. 1959-இல் மனைவி ராஜ் தாப்பருடன் 'செமினார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். நெருக்கடி நிலையின்போது முன்தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று ஆணை வந்ததும், அதற்குப் பணிவதைவிட இதழை நிறுத்துவதே மேல் என்று நிறுத்திவிட்டார்கள். நிலைமை மாறிய பிறகு இதழ் திரும்ப வந்தது. வழக்கின் தலைப்பில் வெறும் பெயராக இருந்தவர் இப்போது எனக்கு மனிதராகத் தெரிகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தாத்தா வீட்டுக்குப் போனேன். தீர்ப்பின் முதல் பத்தியைத் தமிழாக்கிச் சொன்னேன். அரசாணை எண்ணையும் தேதியையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து மடித்துவைத்த துண்டறிக்கை ஒன்றை எடுத்து வந்தார். ஏதோ ஓர் ஆண்டின் பிப்ரவரி கூட்டத்துக்காக அச்சடித்தது. மடிப்பில் தாள் கிழிந்திருந்தது. அதில் 22 பெயர்கள் இருந்தன.

"இதை வைத்துக்கொள்ளவா தாத்தா?"

"அது ஒன்றுதான் கண்ணு இருக்கிறது. எழுதிக்கொள்."

அரசியலமைப்பு நோட்டில், ரொமேஷ் தாப்பர் என்று எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அவர் ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தார். மலையாளப் பெயர்களில் சிலவற்றை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. எழுதி முடித்தபோது சென்னை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. 1950 பிப்ரவரியில் வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழ்கள் எங்காவது கிடைக்கின்றனவா என்று தேடத் தேர்வு முடிந்ததும் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகப் போகிறேன். கிடைத்தால் நகல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் தாத்தா.